ஆறாவது செட்டை

கரைத் தென்னைகள் கறுப்புக் கோடாகி
அந்தக் கோடும் தேய்கிற நேரம்
நிக்சன் திரும்பிச் சொன்னான்:
"மச்சான், எஞ்சின் மூத்திரம் பெய்யேல்லை."

பகிடியில்லை.
மூடிக்குக் கீழே பின்பக்கத்து ஓட்டையால்
சுண்டுவிரல் தடிப்பில் தண்ணி சீறவேணும்.
அது சீறும்வரைதான் கடலில் நாங்கள் ஆக்கள்.
நின்றால்
இருபத்தைந்து குதிரையும்
தாகத்தில் ஓடுகிறதென்று பொருள்.

நிற்பாட்டிய பிறகுதான் மணத்தது,
அடுப்பில் மறந்த சட்டி மாதிரி.
நிக்சன் கடல்தண்ணியை அள்ளி ஊற்றப்போனான்.
கையைப் பிடித்தேன்.
கொதிக்கிற இரும்புக்குக் குளிர் காட்டினால்
வெடிப்பு விழும்.
பொறு, சோளகம் ஊதி ஆற்றட்டும்.
ஆற்றிய அதே காற்று
எங்களை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

எஞ்சினின் காலைத் தூக்கிப் பார்த்தோம்.
தண்ணி உறிஞ்சும் சல்லடையில்
நீலச் சொப்பிங் பை ஒன்று,
'நன்றி, மீண்டும் வருக.'
உரித்தெடுத்துவிட்டுச் சிரித்தோம்.
கயிற்றை இழுத்தேன், பிடித்தது.
ஓட்டை வறண்டே இருந்தது.

கம்பியை விட்டுக் குடைந்தான் நிக்சன்.
உப்புத் தூள் உதிர்ந்தது.
இரண்டு சொட்டு.
பிறகு ஆவி.

அரை மைல் ஓட்டம், அரை மணி ஆறல்.
கரையேறப் பகல் இரண்டு மணி.
பெட்டிக்குள் சாளை வயிறு வெடித்துக் கிடந்தது.
யாவாரி திரும்பியும் பார்க்கவில்லை.

சிலாவத்தையில் ஜெசிந்தாவின் பட்டறை
நாலு தகரம், ஒரு பரல்.
சுவரில் ஒவ்வொரு ஸ்பானரின் உருவத்தையும்
வெள்ளைப் பெயின்ரால் கீறி வைத்திருக்கிறாள்,
எது இல்லையென்று பார்த்தவுடன் தெரிய.
"மணலுக்குள்ளை ஓடினனீங்களோ?"
போன கிழமை நாயாற்று முகத்துவாரத்தில்
கால் உரசியதை நான் சொல்லவில்லை.
நிக்சன் சொன்னான்.

காலைக் கழற்றி, பம்பைத் திறந்து
ரப்பர்ச் சில்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.
ஆறு செட்டை இருக்கவேண்டியதில்
மூன்று.

"புதிசைப் போடும்" என்றேன்.
விடிய நாலு மணிக்குக் கடல். வலை கடனில்.

"போடலாம். உடைஞ்சது எங்கை?"

உடைந்தது உடைந்ததுதானே.

"உடைஞ்சது கரையாது அண்ணை.
தண்ணி போற வழியிலை எங்கையோ குந்தியிருக்கும்.
புதிசைப் போட்டு நீங்கள் ஓட ஓட
அது இருந்த இடத்திலை இருந்து அடைக்கும்.
கணக்கு முடியாமல் நான் பூட்டமாட்டன்."

ஒன்று பம்பின் தட்டிலேயே ஒட்டியிருந்தது.
இரண்டாவது செப்புக் குழாய்க்குள்.
சைக்கிள் பம்பால் ஊத, துப்பியது.

மூன்றாவது இல்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினாள். இல்லை.
உப்பு இறுகிய வழிகளில் வினாகிரி ஊற்றி
ஊறவிட்டுச் சுரண்டினாள். இல்லை.
நிக்சன் வாங்கிவந்த தேத்தண்ணி ஆறியது.
கரண்ட் நின்றது. கைபேசி வெளிச்சம் நான் பிடித்தேன்.
இவ்வளவு தேடவேணுமோ என்று
வாய்வரை வந்தது.
அந்த வெளிச்சத்தில்
மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு பொடியனின் படம்,
பாஸ்போர்ட் அளவு.
படிவம் படிவமாய்க் குத்திக் கழற்றிய பின் துளைகள்,
மூலையெல்லாம் துரு.
வெளிச்சத்தை எஞ்சினுக்குத் திருப்பினேன்.

ஒன்பது மணிக்குமேல்
சிலிண்டர்த் தலையைக் கிளப்பியபோது
வளைவொன்றில், கருகி, நகத்தளவு.
குறட்டால் கிள்ளியெடுத்தாள்.
ஊதவில்லை, துடைக்கவில்லை.
மற்றவைக்குப் பக்கத்தில் வைத்து
"ஆறு" என்றாள்.
எங்களுக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

பரலில் தண்ணி நிரப்பி இறக்கி இழுக்க
இருமியது, புகைத்தது,
கறுப்பாய்க் கொஞ்சம் துப்பியது,
பிறகு வெள்ளையாய் ஒரே தாரை.
நிக்சன் கைதட்டினான், விசரன்.
நான் விரலை நீட்டினேன்:
பிள்ளையைக் குளிப்பாட்டும் சூடு.

கூலி எழுதினாள். காஸ்கட்டுக்குத் தனி.
அரைவாசி கொடுத்தேன், மிச்சம் வெள்ளிக்கிழமை.

வெள்ளிவரை பொறுக்கவில்லை அவள்.
அடுத்தநாள் கரையேற முதலே
வாடியடியில் ஒரு பொடியனை நிறுத்தியிருந்தாள்:
பத்தாம் நம்பர் ஸ்பானர்
எங்கள் போட்டுக்குள் கிடக்குதாம்.

கிடந்தது.